அறிமுக இயக்குநர்களுக்கென ஒரு விழாப் பிரிவு: பெங்களூரில் அதை அமைத்து நடத்த முழுமையான வழிகாட்டி

ஒரு சிறிய திரைப்பட விழாவில் அறிமுக இயக்குநர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, படங்கள் எங்கிருந்து கிடைக்கும் என்பதைத்தான். படங்கள் கிடைத்துவிடும். ஐந்து நாள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுச் சனி, ஞாயிறுகளில் ஓசூரிலும் கோலார் தங்கவயலிலும் படம் எடுப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கோடம்பாக்கத்தில் பல ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்துவிட்டுச் சொந்தச் சேமிப்பில் ஒரு படத்தை முடித்து, அதை யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் ஹார்டு டிஸ்க்கில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் இருப்பது, அந்தப் படத்தை முதல் காட்சியிலிருந்து கடைசிப் பெயர் வரை பொறுமையாகப் பார்க்கும் தேர்வாளரும், எடுத்தபடியே அதைக் காட்டும் திரையும்தான். இந்த இரண்டையும் கொடுக்க முடியுமென்றால் பிரிவைத் தொடங்கலாம். முடியாதென்றால் அந்தப் பணத்தில் நல்ல படங்கள் நாலைத் தருவித்துத் திரையிடுவதே மேல். ஹலசூரிலிருந்து இயங்கும் ஒரு சிறு திரைப்படக் கழகத்தின் சார்பில் இப்படியொரு பிரிவைச் சில ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வரும் அனுபவத்தில், எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

யாருக்கான பிரிவு என்பதை முதலில் எழுதிவையுங்கள்

"அறிமுக இயக்குநர்" என்ற சொல்லை விளக்காமல் விட்டால், விண்ணப்பங்கள் வந்தபிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்குவாதம் நடக்கும். உலகின் பெரிய விழாக்கள் இதை எப்படி வரையறுத்தன என்று பார்ப்பது உதவும். கான் விழாவையொட்டி 1962-இல் தொடங்கிய விமர்சகர் வாரம், இயக்குநரின் முதல் அல்லது இரண்டாவது முழுநீளப் படத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதே விழாவில் 1978 முதல் வழங்கப்படும் கேமரா தோர் விருது முதல் படத்துக்கு மட்டும் உரியது. அது எந்தப் பிரிவில் திரையிடப்பட்டிருந்தாலும் போட்டியில் சேரும். பூசான் விழா 1996-இல் தொடங்கியபோதே, ஆசிய இயக்குநர்களின் முதல் இரண்டு படங்களுக்கென்று நியூ கரண்ட்ஸ் என்ற பிரிவை வைத்தது. பெர்லின் விழா 2025-இல்தான் முதல் படங்களுக்கென்று பெர்ஸ்பெக்டிவ்ஸ் என்ற போட்டிப் பிரிவைக் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் படங்களின் எண்ணிக்கைதான்.

நாங்களும் அதையே பின்பற்றுகிறோம்: முதல் அல்லது இரண்டாவது முழுநீளப் படம், குறும்படமென்றால் இயக்குநர் இன்னும் முழுநீளப் படம் எடுத்திருக்கக் கூடாது. வயது வரம்பு வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின் இளம் படைப்பாளர் திட்டத்துக்கு 35 வயது வரம்பு உண்டு. ஓர் அரசுப் பயிற்சித் திட்டத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் பிள்ளைகள் வளர்ந்தபிறகு 48 வயதில் கேமராவைக் கையில் எடுக்கும் ஒரு பெண்ணும் அறிமுக இயக்குநர்தான். பதினைந்து ஆண்டுகள் பிறர் படங்களில் உழைத்தவரும் அறிமுக இயக்குநர்தான். அவர்களை வெளியே நிறுத்தும் விதியை நாமே எழுதக் கூடாது.

விதியில் இன்னும் சில சிக்கல்களுக்கு முன்கூட்டியே பதில் இருக்க வேண்டும். இரண்டு ஆவணப்படம் எடுத்தவரின் முதல் கதைப்படம் இதில் சேருமா? இருவர் இணைந்து இயக்கி, ஒருவர் மட்டும் அனுபவசாலியாக இருந்தால்? முழுநீளம் என்பது எத்தனை நிமிடம்? சில விழாக்கள் 60 நிமிடம் என்றும் சில 70 நிமிடம் என்றும் வைக்கின்றன. ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடத்துக்குள் அடங்குவது குறும்படம். எதை வைத்தாலும் சரி, அழைப்பு வெளியாகும் நாளன்று அது எழுத்தில் இருக்கட்டும்.

காலமும் அரங்கமும்

விழா நாளைக் குறிப்பதற்கு முன் நாட்காட்டியில் மற்ற விழாக்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கர்நாடக சலனசித்ர அகாடமி நடத்தும் பெங்களூர் சர்வதேசத் திரைப்பட விழா ஆண்டின் தொடக்க மாதங்களில் வருகிறது. 2010-இல் தொடங்கி இன்று ஆஸ்கர் தகுதி பெற்றிருக்கும் பெங்களூர் சர்வதேசக் குறும்பட விழா பெரும்பாலும் ஆகஸ்டில் நடக்கிறது. நவம்பரில் கோவா, டிசம்பரில் திருவனந்தபுரமும் சென்னையும். செப்டம்பர், அக்டோபரில் இந்த ஊரில் மாலை மழை கொட்டித் தீர்க்கும். ஆட்டோவும் கிடைக்காது, ஆளும் வரமாட்டார்கள். எங்களுக்கு ஜூலையின் நடு வாரம் பொருந்தி வருகிறது.

அரங்கைத் தேர்வு செய்யும்போது வாடகையைவிடத் திரையைப் பாருங்கள். திருமண மண்டபங்களிலும் கருத்தரங்குக் கூடங்களிலும் இருக்கும் சாதாரண ப்ரொஜெக்டரில், இரவுக் காட்சிகள் சாம்பல் நிறக் குழம்பாகத் தெரியும். திரையரங்குத் தரம் என்பது வெண்திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம்; அந்த அளவை வைத்துத்தான் வண்ணச் சீரமைப்பு செய்பவர் படத்தின் இருளைத் தீர்மானித்திருப்பார். 1971-இல் தொடங்கி இன்று பனசங்கரியில் இயங்கும் சுசித்ரா திரைப்படக் கழகம், தொம்மலூரில் இருக்கும் பெங்களூர் சர்வதேச மையம் போன்ற இடங்கள் நல்ல படங்களைத் தேடி வரும் பார்வையாளர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. ஒரே திரை கொண்ட பழைய தியேட்டர் ஒன்றைக் காலை நேரத்துக்கு வாடகைக்குப் பேசுவதும் நல்ல வழி. பெரிய திரை என்பது அறிமுக இயக்குநருக்கு எளிதில் வாய்க்காத பொருள். மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் அரங்கம் இருந்தால் பாதி விளம்பரச் செலவு மிச்சம். போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வார நாள் மாலை ஆறரை மணிக்கு யாரும் வந்துசேர மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு காட்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு எங்கள் கணக்கு எளியது. 90 நிமிடப் படம், 25 நிமிட உரையாடல், அரங்கம் காலியாகி அடுத்த கூட்டம் உட்கார 20 நிமிடம். ஆக 135 நிமிடம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் ஒரு நாளில் ஐந்து காட்சிகளைத் திணிக்கலாம். நான்கோடு நிறுத்துங்கள். ஐந்தாவது காட்சிக்கு உட்காரும் களைத்த கண்களைத் தன் முதல் படத்தின் முன்னால் பார்க்க எந்த இயக்குநருக்கும் விதிக்கக் கூடாது.

அழைப்பும் விண்ணப்பப் படிவமும்

விழாவுக்கு ஆறு மாதம் முன்பே அழைப்பு வெளியாக வேண்டும். ஃபிலிம்ஃப்ரீவே போன்ற இணையத் தளம் வழியாக விண்ணப்பம் வாங்கினால் கோப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அதில் மட்டும் வாங்கினால் அந்தத் தளத்தைப் பற்றியே கேள்விப்படாத நல்ல இயக்குநர்களை இழப்போம். ஆகவே சாதாரணப் படிவம் ஒன்றைக் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து, மின்னஞ்சலிலும் வாங்குங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. என் பார்வையில், தேர்வாகாத நூற்றைம்பது பேரின் பணத்தில் தேர்வான பத்துப் பேருக்கு விழா எடுப்பது முறையல்ல. தவிர்க்கவே முடியாதென்றால் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாத தொகையாக வைத்து, கேட்பவர்களுக்குக் காரணம் கேட்காமல் விலக்கு அளியுங்கள்.

படிவத்தில் படத்தின் பெயர், நீளம், மொழி, முடித்த மாதமும் ஆண்டும், இதுவரை திரையிட்ட இடங்கள், இயக்குநரின் முந்தைய படங்கள், படத்தைப் பார்ப்பதற்கான லிங்க்கும் பாஸ்வேர்டும், இசைக்கும் மற்றப் பொருள்களுக்கும் உரிமை பெற்றதற்கான உறுதிமொழி ஆகியவை போதும். "இயக்குநரின் கூற்று" என்ற பத்தியை நாங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டோம். அதை அழகான ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவரின் படம் தேர்வாளர் மனத்தில் கொஞ்சம் உயர்ந்தே நிற்கும் என்பதைச் சொந்த அனுபவத்தில் பார்த்தபிறகு எடுத்த முடிவு அது.

முதல் திரையிடல் எங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று சிறிய விழா எதுவும் கேட்கக் கூடாது. இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய விழாக்களில் பல, போட்டிக்கு வரும் படம் வேறெங்கும் திரையிடப்படாததாக இருக்க வேண்டும் என்கின்றன. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய முதல் படமான "கூழாங்கல்", 2021-இல் ராட்டர்டாம் விழாவில் வளரும் இயக்குநர்களுக்கான டைகர் விருதைப் பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. அப்படிப்பட்ட வாய்ப்புக்குக் காத்திருக்கும் ஒரு படத்தை, மூன்று மாதம் முன்னால் இங்கே இருநூறு பேர் முன் திரையிட்டு நாம் வீணாக்கிவிட முடியும். எனவே படம் பிடித்துவிட்டால், அழைப்பதற்கு முன் இயக்குநரிடம் தொலைபேசியில் பேசி, வேறு எந்த விழாக்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், எப்போது முடிவு தெரியும் என்று கேளுங்கள். காத்திருப்பது அவருக்கு நல்லதென்றால், "இந்த ஆண்டு எங்களுக்குத் தர வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று நாமே சொல்ல வேண்டும். அறிமுக இயக்குநருக்கு இந்த விதிகளைச் சொல்லித்தர ஆள் கிடையாது.

முன்தேர்வு

இருநூறு படங்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 60 முழுநீளப் படங்கள், சராசரி 90 நிமிடம். 140 குறும்படங்கள், சராசரி 15 நிமிடம். முழுநீளப் படங்களுக்கு 90 மணி நேரம், குறும்படங்களுக்கு 35 மணி நேரம், மொத்தம் 125 மணி நேரம். ஒவ்வொரு படத்தையும் இருவர் பார்க்க வேண்டுமென்றால் 250 மணி நேரம். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு ஏறத்தாழ 42 மணி நேரம். எட்டு வாரத்தில் முடிக்க வாரத்துக்கு ஐந்து மணிக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கை அழைப்பு வெளியிடும் முன்பே போடுங்கள். போடாதவர்கள்தான் கடைசி வாரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். முதல் படங்களை ஓட்டிப் பார்த்துத் தேர்வு செய்ய முடியாது. பதற்றத்தில் தொடக்கத்தைச் சொதப்பி, இருபதாவது நிமிடத்தில் தன் நடையைக் கண்டுபிடிக்கும் படங்கள் ஏராளம்.

குழுவில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகியவற்றை வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் இருப்பது நல்லது. ஒரு படத்தின் முதல் பார்வையாளர் அந்த மொழி தெரிந்தவராகவும் இரண்டாமவர் தெரியாதவராகவும் இருக்கட்டும். வசனத்தின் உயிர் முதலாமவருக்குத் தெரியும். காட்சி தானாக நிற்கிறதா என்பது இரண்டாமவருக்குத் தெரியும். மதிப்பெண் மட்டும் போடச் சொன்னால் எல்லாப் படமும் ஆறரை மதிப்பெண்ணில் வந்து நிற்கும். பத்து வரியில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: எந்தக் காட்சி மனத்தில் நின்றது, எந்த இடத்தில் கவனம் கலைந்தது, இதை ஏன் திரையில் காட்ட வேண்டும் அல்லது ஏன் வேண்டாம். நண்பரின் படமோ, தான் வேலை செய்த படமோ வந்தால் அந்த உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும். இதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதைத் தேடிப் பார்ப்பது? பணம் எதை வாங்க முடியுமோ அதற்கு மயங்காமல் இருப்பது முதல் பாடம். ட்ரோன் காட்சி, மெருகேற்றிய வண்ணம், இடைவிடாத பின்னணி இசை ஆகியவை வாடகைக்குக் கிடைப்பவை. ஒரு காட்சியை எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்ற முடிவு வாடகைக்குக் கிடைக்காது. இரண்டு பேர் பேசும்போது கேமரா எவர் பக்கம் நிற்கிறது, பேசாமல் இருப்பவரின் முகத்துக்கு எவ்வளவு நேரம் தருகிறது, நடிப்புப் பயிற்சி இல்லாதவர்களிடம் இயக்குநர் எதை வாங்கியிருக்கிறார், சமையலறை ஓசையும் தெரு ஓசையும் கதையில் வேலை செய்கின்றனவா என்பவற்றில்தான் புதியவரின் பார்வை தெரியும். அப்படி ஒரு பார்வை இருக்குமானால் ஒலிப்பதிவில் குறையோ, தொய்ந்த பதினைந்து நிமிடமோ இருந்தாலும் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறையே இல்லாத, ஆனால் யார் எடுத்ததென்று அடையாளமே தெரியாத படத்தைவிட அதற்கே இந்தப் பிரிவில் உரிமை அதிகம்.

"கருத்து நல்ல கருத்து" என்ற வாக்கியம் தேர்வுக் கூட்டத்தில் எழுந்தால் எச்சரிக்கையாகுங்கள். சாதி, நிலம், பெண்ணுரிமை பற்றிய படம் என்பதற்காகவே ஒரு படத்தை எடுத்துக்கொள்வது, அந்தப் பொருளுக்கும் நியாயம் செய்யாது, அதே பொருளைக் கூர்மையாகச் சொன்ன வேறொரு இயக்குநருக்கும் நியாயம் செய்யாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. அசையாத கேமரா, நீண்ட மௌனம், முடிவில்லாத முடிவு என்று விழாக்களுக்கெனவே ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. அதைப் பின்பற்றும் படத்தை "கலைப்படம்" என்று மரியாதையோடு எடுத்துவிட்டு, பாட்டும் சிரிப்பும் உள்ள நல்ல முதல் படத்தைத் தள்ளிவிடுவதும் அதே தவறு.

இறுதிப் பட்டியலைக் குழு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து, முடிந்தால் பெரிய திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்த ஊரில் நடக்கும் விழாவில் கன்னட அறிமுக இயக்குநர்களுக்கு முதல் வரிசையில் இடம் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நாம் வாழும் ஊரின் மொழியில் முதல் படம் எடுத்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது, அவரைத் தேடிப் போய் அழைப்பது நம் கடமை. முழுநீளப் படம் ஆறும் குறும்படத் தொகுப்பு இரண்டும் மூன்று நாள் விழாவுக்குத் தாராளமாகப் போதும். மீதி நான்கு காட்சிகளை விழாவின் மற்றப் பிரிவுகளுக்கு விடலாம்.

மறுப்புக் கடிதம்

பல ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த ஒரு குறும்படத்தை ஒரு விழாவுக்கு அனுப்பினேன். முடிவு தேதி கடந்தது, விழா நடந்து முடிந்தது, ஒரு வரி பதில் கூட வரவில்லை. படத்தைப் பார்த்துத் தள்ளினார்களா, பார்க்கவே இல்லையா என்ற கேள்வி இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆகவே எங்கள் பிரிவில் மறுப்புக் கடிதம்தான் முதலில் போகும். தேர்வானவர்களின் பட்டியல் அதற்கு மறுநாள்தான் வெளியாகும். இறுதிச் சுற்று வரை வந்த படங்களுக்கு, தேர்வாளர் குறிப்பிலிருந்து மனத்தில் நின்ற காட்சி ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுகிறோம். எல்லாருக்கும் அப்படி எழுத நேரம் இருக்காது. ஆனால் "இருவர் உங்கள் படத்தை முழுமையாகப் பார்த்தார்கள்" என்ற ஒரு வரி உண்மையாக இருக்குமானால், அதை எல்லாருக்கும் எழுதலாம்.

அனுமதியும் உரிமையும்

தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை இந்தியாவில் பொதுத் திரையிடல் செய்யக் கூடாது. அறிமுக இயக்குநர்களின் படங்களில் பெரும்பாலானவை சான்றிதழ் பெறும் நிலையை எட்டியிருக்காது. 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, இத்தகைய கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. திரைப்பட விழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விண்ணப்பித்துப் பெறும் விலக்கு இதன் கீழ்தான் வருகிறது. படங்களின் பட்டியலையும் கதைச்சுருக்கங்களையும் இணைத்து, இறுதிப் பட்டியல் தயாரானவுடனே விண்ணப்பியுங்கள். விலக்குப் பெற்ற திரையிடல் முன்பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டுமே உரியது. எனவே வாசலில் டிக்கெட் விற்காமல், பெயர் பதிந்து பாஸ் கொடுக்கும் முறையை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற படங்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. ஏதேனும் ஒரு படத்துக்கு விலக்கு கிடைக்காமல் போனால் அந்த இடத்தை நிரப்பச் சான்றிதழ் பெற்ற ஒரு படத்தை மாற்றாகப் பேசி வைத்திருங்கள்.

இசை உரிமைதான் முதல் படங்களில் அதிகம் இடிக்கும் இடம். டீக்கடைக் காட்சியில் வானொலியில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஓடும். இயக்குநருக்கு அது வெறும் சூழல் ஓசை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்தப் பாட்டுக்கும் அதன் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமையாளர்கள் உண்டு. ஒரு விழாவில் தப்பிவிட்டாலும், நாளை ஓடிடி தளத்துக்கு விற்கப் போகும்போது படம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இதை விண்ணப்பக் கட்டத்திலேயே சொல்லிவிட்டால், ஒலிக்கலவையை மீண்டும் திறந்து அந்தப் பாட்டை மாற்றிக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கும்.

தேர்வான இயக்குநரோடு ஒரு பக்க ஒப்பந்தம் போதும். எந்த அரங்கில், எத்தனை தடவை, எந்த நாளில் திரையிடுவோம். கோப்பை யார் வைத்திருப்பார், எப்போது அழிப்பார். பயணமும் தங்குமிடமும் யார் செலவு. திரையிடல் தொகை எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும் கட்டாயம் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள். செலவைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் வாசல் வளைவையும் பேனரையும் குறையுங்கள்; கடைசிவரை கைவைக்கக் கூடாதது ப்ரொஜெக்‌ஷனும் இயக்குநரின் ரயில் டிக்கெட்டும்.

கோப்பு, ஒளி, ஒலி, சப்டைட்டில்

இந்த இடத்தில்தான் நல்ல எண்ணம் கொண்ட விழாக்களும் தவறுகின்றன. திரையரங்கில் ஓடுவது டிசிபி என்னும் கோப்புத் தொகுப்பு. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒலி 24 பிட் அளவில் சுருக்கப்படாமல் இருக்கும். 2கே அளவில், ஃபிளாட் என்ற திரை வடிவத்துக்கு 1998×1080, அதைவிட அகன்ற ஸ்கோப் வடிவத்துக்கு 2048×858 புள்ளிகள். படத்தின் தரவு வேகம் நொடிக்கு 250 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது; அந்த உச்ச வேகத்தில் 90 நிமிடப் படம் ஏறத்தாழ 169 ஜிபி வரும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் அதற்கு இடமுள்ள ஹார்டு டிஸ்க் வேண்டும்.

டிசிபி செய்யப் பணம் இல்லாத இயக்குநருக்கு, டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளைக் காட்டிக்கொடுங்கள். அல்லது அவருடைய மூலக் கோப்பை வாங்கி நாமே செய்துகொடுக்கலாம். பூட்டில்லாத டிசிபியையே கேளுங்கள். பூட்டிய கோப்புக்குக் கேடிஎம் என்னும் சாவி வேண்டும். அது குறிப்பிட்ட அரங்கின் சர்வருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டும் பொருந்தும். கடைசி நேரத்தில் அரங்கம் மாறினால் படம் திறக்காது.

வேகக் கணக்கு இன்னொரு பொறி. திரையரங்கின் இயல்பான வேகம் நொடிக்கு 24 ஃபிரேம். கைக்கு அடக்கமான கேமராக்களில் 25 ஃபிரேமில் எடுத்த படத்தை 24-க்கு மெதுவாக்கினால், 90 நிமிடப் படம் ஏறத்தாழ 94 நிமிடமாக நீளும். குரலின் சுருதியும் இறங்கும், அதைத் திருத்த வேண்டும். வேகத்தைப் பராமரிக்கச் சில ஃபிரேம்களை எடுத்துவிட்டால், கேமரா நகரும் இடங்களில் படம் தட்டுத்தட்டாக ஓடும். எப்படி மாற்றுவது என்பதை இயக்குநரைக் கேட்டபிறகே முடிவு செய்யுங்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பாவது ஒவ்வொரு கோப்பையும் அதே அரங்கில், அதே ப்ரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முழுவதும் ஓட்ட முடியாவிட்டால் தொடக்கம், மிக இருண்ட காட்சி, மிக உரத்த இடம், கிசுகிசுப்பாகப் பேசும் இடம், கடைசிப் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். சினிமா ஒலிக்கலவை அறை, அரங்கின் ஒலியளவுக் குமிழ் 7 என்ற எண்ணில் நிற்பதாக வைத்துக் கலக்கும். பல தியேட்டர்கள் நாலரை, ஐந்தில் ஓட்டிப் பழகியவை. வீட்டில் சிறிய ஸ்பீக்கரில் கலந்த படமென்றால் அளவு முற்றிலும் மாறும். இயக்குநர் வந்துசேர்ந்ததும் பத்து நிமிடமாவது அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, ஒலியளவை அவரே சொல்லும்படி செய்து, அந்த எண்ணை ஆபரேட்டரின் தாளில் எழுதிவையுங்கள். தன் படத்தை முதன்முறையாகப் பெரிய திரையில் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்தை எந்த இயக்குநரும் மறக்க மாட்டார்.

சப்டைட்டில் இரண்டு வரியைத் தாண்டக் கூடாது. ஒரு வரியில் நாற்பது எழுத்து போதும். வெள்ளைச் சுவரின் மேல் வெள்ளை எழுத்து கரைந்துபோகாமல் மெல்லிய கருங்கோடு இருக்கட்டும். தமிழ்ப் படத்துக்கு ஆங்கிலச் சப்டைட்டில் கட்டாயம் வரும். இயன்றால் கன்னடச் சப்டைட்டிலும் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். "வாங்க" என்று இருந்த பேச்சு ஒரு சண்டைக்குப் பிறகு "வா" என்று மாறுமிடத்தில், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கன்னடத்தில் "பன்னி", "பா" என்று அந்த வேறுபாடு அப்படியே வந்துவிடும். ஒருமுறை எங்கள் திரையிடலில் இத்தகைய ஒரு காட்சிக்குக் கன்னடச் சப்டைட்டில் படித்தவர்கள்தான் முதலில் மூச்சை இழுத்தார்கள். ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை.

படம் முடிந்தபின் உரையாடல்

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இயக்குநர், படம் முடிந்து மேடையேறியதும் நெறியாளர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நின்றார். ஒரு மணி நேரம் முன்பு வாசலில் தேநீர் குடித்தபடி ஒளியமைப்பைப் பற்றி அவ்வளவு நுட்பமாகப் பேசியவர் அவர். அந்தத் தவறு எங்களுடையது. அன்றிலிருந்து இயக்குநர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியில் பேசட்டும் என்று முன்பே கேட்டு, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துகிறோம். மொழிபெயர்ப்பவருக்குச் சினிமாச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். படத்தை முன்பே பார்த்திருக்கவும் வேண்டும்.

நெறியாளரின் முதல் கேள்வி ஒரு குறிப்பிட்ட காட்சியைப் பற்றியதாக இருந்தால் பார்வையாளர்களும் அதே தடத்தில் போவார்கள். "பட்ஜெட் எவ்வளவு?", "என்ன மெசேஜ் சொல்ல வந்தீர்கள்?" என்று தொடங்கினால் இருபத்தைந்து நிமிடமும் அதிலேயே கரையும். கேள்வி கேட்பதாகச் சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொல்பவரை, "ஐயா, இயக்குநரின் பதிலைக் கேட்போம்" என்று மரியாதையோடு இடைமறிக்கும் தைரியம் நெறியாளருக்கு வேண்டும். படம் பிடிக்கவில்லை என்று சொல்லும் பார்வையாளரைத் தடுக்காதீர்கள். எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். இயக்குநருக்கு அது கைதட்டலைவிடப் பயன்படும்.

விருது கொடுக்க வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. கொடுப்பதென்றால் மூன்று நடுவர்கள் போதும். அதில் ஒருவர் படத்தொகுப்பாளராகவோ ஒளிப்பதிவாளராகவோ இருக்கட்டும். கேடயத்தைவிட, அடுத்த படத்துக்கு வண்ணச் சீரமைப்புக்கோ ஒலிக்கலவைக்கோ சில நாள் ஸ்டுடியோ நேரம் வாங்கித் தருவது உருப்படியான பரிசு.

விழா முடிந்த வாரத்தில்

பார்வையாளர்கள் எழுதிக் கொடுத்த கருத்துத் தாள்களைப் படம் பிடித்து, அந்தந்த இயக்குநருக்கு அனுப்புங்கள், கசப்பானவற்றையும் சேர்த்து. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற உண்மையான எண்ணிக்கையும், திரையிட்ட நாளும் இடமும் குறித்த ஒரு கடிதமும் அவருக்குக் கொடுங்கள். மற்ற விழாக்களுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். நாட்டின் மற்ற விழாக்களில் நமக்குத் தெரிந்த தேர்வாளர்களுக்கு, ஒரு படத்தைப் பற்றி உண்மையாக நம்பினால் மட்டும், பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அடுத்த படத்தின் திரைக்கதை கையில் இருப்பவரிடம், என்எஃப்டிசி (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) 2007 முதல் கோவாவில் நடத்திவரும், இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர் மாறியிருக்கும் திரைப்படச் சந்தையைப் பற்றிச் சொல்லுங்கள். எழுதப்படும் கதைக்குத் திரைக்கதைப் பயிற்சி, தயாரிப்புத் துணை தேடுபவருக்குக் கூட்டுத் தயாரிப்புச் சந்தை, படத்தொகுப்பில் இருக்கும் படத்துக்கு ஆலோசனை, முடிந்த படத்தை வெளிநாட்டுத் தேர்வாளர்கள் வந்து பார்க்க வியூவிங் ரூம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கே இடம் உண்டு. விண்ணப்பத் தேதிகள் ஃபிலிம் பஜாருக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடுவதால், ஜூலையில் நம் விழா முடிந்த கையோடு இதைச் சொல்லிவிடுவது நல்லது.

திரையிடல் தொகையைப் பதினைந்து நாளுக்குள் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள். ஹார்டு டிஸ்க்குகளைக் கூரியரில் திருப்பி அனுப்பி, அரங்கின் சர்வரிலும் நம் கணினியிலும் இருக்கும் பிரதிகளை அழித்து, அழித்த தேதியைக் குறிப்பிட்டு ஒவ்வொரு இயக்குநருக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தேர்வாளர்களின் பத்து வரிக் குறிப்புகளை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்; இந்த ஆண்டு தேர்வாகாதவர் அடுத்த ஆண்டு இரண்டாவது படத்தோடு வரும்போது, அவருடைய முதல் படத்தைப் பார்த்தவர் யார், என்ன எழுதினார் என்பது அதில் இருக்கும்.